கடற்படையின் கண்: யப்பானிய வேவு நீர்விமானம்

போர்க்கருவிகளைப் பற்றிக் கற்பார் பெரும்பாலும் பீரங்கியையும் குண்டையும் பற்றியே கற்பர். குண்டின் எடை எவ்வளவு, அது செல்லும் தூரம் எவ்வளவு, அதனால் மூழ்கிய கப்பல்கள் எத்தனை என்னும் வினாக்களே முதற்கண் எழுவன. அக்குண்டு விழவேண்டிய இடத்தை அறிந்து சொன்னவன் யார் என வினவுவார் மிகச் சிலர். ஆயினும், இரண்டாம் உலகப் போரிற் பெருங்கடல்களில் நிகழ்ந்த சமர்களில் வெற்றியும் தோல்வியும் அடித்த கையினால் மட்டும் அமைந்தன அல்ல. கண்ட கண்ணினாலும் அமைந்தன. அத்தகைய கண்களுள் ஒன்றாய் விளங்கிய யப்பானியக் கடற்படையின் வேவு நீர்விமானம் ஒன்றனைப் பற்றி ஈண்டு ஆராய்வோம்.

கல்லூரி விழா மலரில் அந்நிய நாட்டுப் போர்விமானம் ஒன்றுக்கு இடம் எதற்கு என்பார்க்கு இரு விடைகள் கூறுவோம். ஒன்று, அவ்விமானம் நம் தீவுக்குத் தெற்கேயுள்ள கடலின் மேலும் பறந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் இலங்கையில் வாழ்ந்தோர் அஞ்சி நின்ற நாட்களில் அதற்கும் பங்குண்டு. மற்றொன்று, ஒன்றைச் செவ்வையாகக் காண்டலும், கண்டதைக் காலந்தாழ்த்தாது சொல்லலும் போர்வீரர்க்கு மட்டும் உரிய பண்புகள் அல்ல. கற்பார் அனைவர்க்கும் உரியன.

பெயரும் பிறப்பும்

நீரில் இறங்கி நீரிலிருந்து எழவல்ல விமானங்கள் இருவகைப்படும். விமானத்தின் உடலே படகுபோல அமைந்து நீரில் மிதப்பது பறக்கும் படகு எனப்படும். சாதாரண விமானத்துக்குச் சில்லுகளுக்குப் பதிலாக மிதவைகள் பூட்டப்பட்டிருப்பின் அது மிதவை விமானம் ஆகும். நாம் ஆராயப் புகுந்தது இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

தன்னிடமிருந்த இரட்டைச் சிறகடுக்கு நீர்விமானங்கள் பழையனவாகிவிட்டமை கண்டு, யப்பானியக் கடற்படை 1937ஆம் ஆண்டிற் புதிய வேவு நீர்விமானம் ஒன்றை வேண்டியது. ஐச்சி என்னும் கம்பனியார் அமைத்த விமானம் 1940 திசெம்பரில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அது யப்பானியரின் பழைய ஆண்டுக்கணக்கின்படி 2600ஆம் ஆண்டு. ஆண்டின் இறுதி எண்ணைக் கொண்டு கருவிகளுக்குப் பெயரிடுதல் அக்கடற்படையின் வழக்கமாதலின், இது 'பூச்சிய வகை வேவு நீர்விமானம்' எனப் பெயர் பெற்றது. உலகறிந்த 'சீரோ' என்னும் சண்டை விமானமும் இதே ஆண்டிற் பிறந்து இதே காரணத்தாற் பெயர் பெற்றதே. நேசநாட்டார் தம் வசதிக்காக இந்நீர்விமானத்தை 'ஜேக்' என அழைத்தனர். போர் முடிவதற்குள் மூன்று தொழிற்சாலைகளில் மொத்தம் 1,418 விமானங்கள் கட்டப்பட்டன.

அமைப்பு

இது ஒற்றைச் சிறகடுக்கு உடையது. சிறகின் அகலம் 14.5 மீற்றர், உடலின் நீளம் 11 மீற்றருக்குச் சற்று மேல். பதினான்கு உருளைகள் கொண்ட மிற்சுபிசி எஞ்சின் ஒன்று ஆயிரம் குதிரைவலுவுக்குச் சற்று மேற்பட்ட ஆற்றலை அளித்தது. கப்பலில் இடம் சுருங்குமாறு சிறகுகள் மடிக்கத்தக்கனவாய் இருந்தன. உடலின் கீழே இரு நீண்ட மிதவைகள் தாங்குகோல்களினாற் பிணைக்கப்பட்டிருந்தன.

உள்ளே மூவர் ஒருவர்பின் ஒருவராய் அமர்ந்தனர். முன்னிருப்பவர் விமானி. நடுவிருப்பவர் வழியைக் கணித்துக் கடலை நோக்குபவர்; பலவேளைகளில் விமானத்தின் தலைவரும் அவரே. பின்னிருப்பவர் கம்பியில்லாத் தந்தி அனுப்புபவர். பின்புறம் நோக்கிய இயந்திரத் துப்பாக்கி ஒன்றும் அவர் கையில் இருந்தது. 250 கிலோகிராம் வரையிலான குண்டுகளையும் இவ்விமானம் சுமக்க வல்லதாயினும் அது அதன் முதன்மைத் தொழில் அன்று. 2,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை ஒரே மூச்சிற் பறந்து, பகற்பொழுதின் பெரும்பகுதியை வானிற் கழிக்க வல்லதாய் இருந்தமையே அதன் சிறப்பு.

ஒரு சிறப்பினை வேண்டுவோர் பிறிதொன்றை இழத்தல் பொறியியலின் விதி. மிதவைகள் காற்றைத் தடுத்தமையால் அதன் உச்ச வேகம் மணிக்கு 375 கிலோமீற்றர் அளவிலேயே நின்றது. அக்காலத்துப் பிரித்தானிய ஹரிக்கேன் சண்டை விமானமோ 500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகம் உடையது. பாரத்தைக் குறைக்கும் பொருட்டு விமானிக்குக் கவசமும், துளைபட்டால் தானே அடைபடும் எண்ணெய்த் தாங்கியும் வைத்திலர். எனவே பகைவரின் சண்டை விமானத்தைக் கண்டால் மேகத்துள் மறைவதன்றி இதற்கு வேறு புகலிடம் இல்லை.

கப்பலினின்று எழுதலும் மீளுதலும்

இவ்விமானம் பறப்பதற்கு நீண்ட ஓடுதளம் வேண்டியதில்லை. குரூசர் என்னும் வகைப் போர்க்கப்பலின் மேற்றட்டில் தண்டவாளம் போன்ற ஏவுபொறி ஒன்று இருந்தது. அதன்மேல் விமானத்தை ஏற்றி, எஞ்சினை முழுவேகத்தில் இயக்கி, வெடிமருந்தின் விசையால் முன்னோக்கித் தள்ளுவர். கவணில் வைத்த கல் எழுவதுபோல விமானம் கடலின்மேல் எழும்.

மீளுதலே கடினமானது. திரும்பி வந்த விமானம் கடலிலேயே இறங்கவேண்டும். ஆதலிற் கப்பல் வளைந்து திரும்பி, அலை தணிந்த நீர்ப்பரப்பு ஒன்றைத் தன் பக்கத்தே உண்டாக்கும். விமானம் அதில் இறங்கிக் கப்பலின் அருகே மிதந்து வரும். பாரந்தூக்கியின் கொக்கியை விமானத்தில் மாட்டி மேலே தூக்குவர். அவ்வேளையிற் கப்பல் வேகங் குறைந்து நிற்றலின், நீர்மூழ்கிகளுக்கு அஃது எளிய இலக்காகும். ஆகவே, ஒரு விமானத்தை அனுப்புவதென்பது கப்பலையே சிறிது நேரம் இடருக்கு உட்படுத்துவதாகும்.

இத்தொழிலுக்கெனவே சிறப்பாகக் கட்டப்பட்டவை தோனே, சிக்குமா என்னும் இரு குரூசர்கள். அவற்றின் பெரிய பீரங்கிகள் எட்டும் முன்புறத்திலேயே அமைந்தன. பின்புறத் தட்டு முழுவதும் நீர்விமானங்களுக்கு விடப்பட்டது. 1941 திசெம்பர் 7ஆந் தேதி பேர்ள் துறைமுகத்தின்மீது யப்பானியர் பாய்வதற்கு முன், இவ்விரு கப்பல்களிலிருந்தும் ஒவ்வொரு பூச்சிய வகை நீர்விமானம் முந்திச் சென்றது. சிக்குமாவின் விமானம் பேர்ள் துறைமுகத்தைப் பார்த்தது. தோனேயின் விமானம் லஹைனா நங்கூரமிடத்தைப் பார்த்து அங்கே கப்பற்படை இல்லை என அறிவித்தது. குண்டு வீசிய விமானங்களை உலகம் நினைவில் வைத்துள்ளது. அவற்றிற்கு முன் சென்று பார்த்த இவ்விரண்டையும் நினைப்பார் அரியர்.

நம் கடலில் 1942 ஏப்பிரில்

1942 ஏப்பிரில் 4ஆந் தேதி மாலை, காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவியிலிருந்து எழுந்த கனேடிய விமானப்படையின் கற்றலினாப் பறக்கும் படகு ஒன்று, இலங்கைக்குத் தென்கிழக்கே யப்பானியப் பெருங்கப்பற்படையைக் கண்டது. அதன் தலைவர் லெனாட் பேர்ச்சல். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பதின்மரில் மூவர் இறந்தனர், எஞ்சியோர் சிறைப்பட்டனர். எனினும் செய்தி கொழும்பை எட்டிவிட்டது. மறுநாள் உயிர்த்த ஞாயிறு காலையிற் கொழும்பின்மீது குண்டு வீழ்ந்தபோது துறைமுகத்துக் கப்பல்கள் பல முன்னரே வெளியேறியிருந்தன. வேவு பார்த்த ஒரு விமானம் எத்துணை உயிர்களைக் காக்கவல்லது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

அதே நாள் முற்பகலில் யப்பானியரின் கண்ணும் தன் தொழிலைச் செய்தது. தோனேயிலிருந்து எழுந்த நீர்விமானம் ஒன்று, தெற்கு நோக்கி விரைந்துகொண்டிருந்த இரு கப்பல்களைக் கண்டு அறிவித்தது. அவை பிரித்தானியக் குரூசர்களான டோர்செற்சயர், கோர்ண்வோல் என்பன. பிற்பகலிற் பாய்ந்துவீழ் குண்டு விமானங்கள் அவற்றைச் சூழ்ந்தன. இருபது நிமிடம் அளவில் இரு கப்பல்களும் மூழ்கின; 424 பேர் மாண்டனர். கடலில் மிதந்த 1,122 பேர் மறுநாளே மீட்கப்பட்டனர்.

நான்கு நாட்களின் பின், ஏப்பிரில் 9இல், திருக்கோணமலை தாக்கப்பட்டது. அன்று ஹருணா என்னும் போர்க்கப்பலின் நீர்விமானம், மட்டக்களப்புக்கு அப்பாற் சென்றுகொண்டிருந்த ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைக் கண்டது. அக்கப்பலில் அப்போது விமானங்கள் இல்லை. முந்நூற்றுக்கு மேற்பட்டோருடன் அது மூழ்கியது. அதன் சிதைவு மட்டக்களப்புக் கடலடியில் இன்றும் கிடக்கின்றது.

இவை யாவும் யப்பானியர்க்கு வெற்றிகளே. எனினும், கூர்ந்து நோக்குவார்க்கு அவ்வெற்றிகளினுள்ளேயே சில எச்சரிக்கைகள் மறைந்து கிடந்தமை புலனாகும். ஏப்பிரில் 5ஆந் தேதி தோனேயின் செய்தி வந்தபோது, தளபதி நகுமோ தம்மிடம் எஞ்சியிருந்த விமானங்களுக்குக் கொழும்பை மீண்டும் தாக்குவதற்கெனத் தரைக்குண்டுகளை மாட்டுவித்துக்கொண்டிருந்தார். கப்பலைத் தாக்க வேண்டுமெனின் டோர்ப்பீடோக்களே தக்கவை. மாட்டியதைக் கழற்றி மற்றதை மாட்டும் பணியிற் காலம் கழிந்தது. கண்டவை குரூசர்களா, சிறிய நாசகாரிகளா என்னும் ஐயமும் இடையிலே தோன்றிற்று. அண்மையில் வலிய பகைவிமானங்கள் இல்லாமையால் அத்தாமதத்தினால் அன்று தீங்கு விளையவில்லை. மேற்கே நின்ற சொமர்வில்லின் பிரதான கப்பற்படையை யப்பானியர் இறுதிவரை கண்டிலர். ஏப்பிரில் 9இல் ஒன்பது பிரித்தானிய பிளெனிம் விமானங்கள் தளபதியின் சொந்தக் கப்பலாகிய அக்காகியின்மேல் வந்து குண்டு வீசும்வரை அவற்றின் வருகையை உணர்ந்தாருமிலர். குண்டுகள் தவறிக் கடலில் வீழ்ந்தன. ஆதலின் அப்பாடமும் கற்கப்படாமலே போயிற்று. தோல்வி கற்பிப்பதை வெற்றி மறைத்துவிடும் என்பது ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது.

மிட்வேயிற் காலைப்பொழுது

இரண்டு மாதங்கள் கழிந்தன. 1942 யூன் 4ஆந் தேதி, பசிபிக் பெருங்கடலில் மிட்வே என்னும் சிறுதீவின் அருகே, அதே நகுமோ, அதே தோனே, அதே வகை நீர்விமானம். விடியுமுன் 4.30 மணிக்குத் தீவைத் தாக்க நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் புறப்பட்டன. பகைக்கப்பல்களைத் தேடப் புறப்பட்டவையோ ஏழு விமானங்களே: விமானந்தாங்கிகளிலிருந்து இரண்டு, தோனேயிலிருந்து இரண்டு, சிக்குமாவிலிருந்து இரண்டு, ஹருணாவிலிருந்து பழைய வகை நீர்விமானம் ஒன்று. அதே காலையில் அமெரிக்கர் மிட்வேயிலிருந்து இருபதுக்கு மேற்பட்ட கற்றலினாக்களைத் தேடலுக்கு அனுப்பினர். யப்பானியரின் இரகசியக் குறியீட்டை முன்னரே ஓரளவு அவிழ்த்துப் படித்திருந்தும் அவ்வளவு கண்களை அவர் திறந்து வைத்தமை கருதத்தக்கது.

தோனேயின் நான்காம் இலக்க விமானம் குறித்த நேரத்துக்கு அரை மணி பிந்தி, 5 மணிக்கே எழுந்தது. 7.28க்கு அதன் முதற்செய்தி வந்தது: பகைவருடையன போலும் பத்துக் கப்பல்கள் தென்படுகின்றன என்பதே அது. எவ்வகைக் கப்பல்கள் என்பது அதில் இல்லை. அதற்குச் சற்று முன்னரே நகுமோ, தீவை இரண்டாம் முறை தாக்குவதற்காக டோர்ப்பீடோக்களைக் கழற்றித் தரைக்குண்டுகளை மாட்டுமாறு கட்டளையிட்டிருந்தார். இப்போது அப்பணியை நிறுத்தி, கப்பல்களின் வகையைத் தெரிந்து சொல்லுமாறு விமானத்துக்கு ஆணை விடுத்தார். 8.09க்கு வந்த விடை, ஐந்து குரூசர்களும் ஐந்து நாசகாரிகளும் என்றது. 8.20 அளவில் வந்த அடுத்த செய்தி, விமானந்தாங்கி போன்ற ஒன்றும் உடன் வருகின்றது என்றது.

முதற்செய்திக்கும் இச்செய்திக்கும் இடையிலே கழிந்தது ஏறத்தாழ ஐம்பது நிமிடம். அதற்குள் தீவிலிருந்து எழுந்த அமெரிக்க விமானங்கள் அலையலையாய்த் தாக்கிக்கொண்டிருந்தன. தீவைத் தாக்கச் சென்ற யப்பானிய விமானங்களும் எண்ணெய் குறைந்து, இறங்க இடம் வேண்டித் தலைக்குமேல் வந்துவிட்டன. அவற்றை முதலில் இறக்குவதெனவும், அதன் பின்னர் முழுப்படையையும் ஒருங்கே அனுப்புவதெனவும் நகுமோ முடிவு செய்தார். அந்தப் 'பின்னர்' வரவில்லை. 10.20 கடந்த சில நிமிடங்களில் அமெரிக்கப் பாய்ந்துவீழ் குண்டு விமானங்கள் அக்காகி, காகா, சோரியூ என்னும் மூன்று விமானந்தாங்கிகளையும் எரியச் செய்தன. அன்று மாலை ஹிரியூவும் அடிபட்டது. நான்கு கப்பல்களும் மூழ்கின. அச்சமரில் மாண்ட யப்பானியர் 3,000 பேருக்கு மேற்பட்டோர்.

பழி எங்கே சேரும்?

போருக்குப்பின் எழுதினார் பலர், இத்தோல்விக்குத் தோனேயின் அந்த ஒரு விமானத்தையும் அதன் அரைமணித் தாமதத்தையுமே காரணமாகக் காட்டினர். கதையாகச் சொல்வதற்கு அஃது எளிது. ஆராய்ந்து பார்ப்பின் அவ்வளவு எளிதன்று.

முதலாவதாக, சிக்குமாவின் விமானம் ஒன்று குறித்த நேரத்தில் அமெரிக்கக் கப்பல்கள் நின்ற பகுதிக்கு அண்மையிற் பறந்தும், மேகமறைப்பினால் அவற்றைக் கண்டிலது. இரண்டாவதாக, தோனேயின் விமானம் தனக்கு வகுத்த வழியினின்று விலகிப் பறந்தமையாலேயே பகைவரைக் கண்டது எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் காட்டியுள்ளனர். குறித்த நேரத்திற் குறித்த வழியே சென்றிருப்பின் அது யாதும் காணாமலே மீண்டிருக்கவுங் கூடும். அவ்விமானத்தில் இருந்தோர் செய்தியிற் குறைகள் உண்டு. சொன்ன இடமும் உண்மையான இடத்தினின்று பல மைல் விலகியிருந்தது. ஆனால், மேகத்தினிடையே, பகைவிமானங்களுக்கு அஞ்சி, தொலைவிலிருந்து கண்ட மூவரின் குறை அது. ஏழே ஏழு கண்களைத் திறந்து, அவற்றின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படியாதவாறு மெல்லிய வலை விரித்தது அவர் செயல் அன்று. தாக்குவதற்குரிய விமானங்களைத் தேடலில் வீணாக்கலாகாது என்னும் எண்ணம் அக்கடற்படையின் தலைமையிலேயே வேரூன்றியிருந்தது. வேவுத்தொழிலைக் குரூசர்களின் சில நீர்விமானங்களுக்கு விட்டு, தம் விமானந்தாங்கிகளின் வலிமை முழுவதையும் அடிக்கும் கைக்கே அவர் ஒதுக்கிவைத்தனர்.

அரசியல் கூறும் நூல்களுள் வேவுக்குத் தனியிடம் கொடுத்தது தமிழ் மரபு. வள்ளுவர் 'ஒற்றாடல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஒற்றர் ஒருவரை ஒருவர் அறியாதவாறு மூவரை அனுப்பி, அம்மூவர் சொல்லும் ஒத்தவழியே அதனை மெய்யெனக் கொள்ளல்வேண்டும் என்பது அவர் கருத்து. மிட்வேயில் நகுமோ பெற்றது ஒருவர் சொல். அதனை ஒத்துப்பார்க்க வேறொரு சொல் உரிய நேரத்தில் அவரிடம் இல்லை. நல்ல விமானம் இருந்தது. தேர்ந்த வீரர் இருந்தனர். இல்லாதது இரண்டாவது சாட்சியே.

பிற்காலம்

மிட்வேயின் பின்னும் இவ்விமானம் போர் முடியும்வரை உழைத்தது. நீர்மூழ்கிகளைத் தேடல், வணிகக் கப்பல்களுக்குக் காவல் செல்லல், கடலில் வீழ்ந்த விமானிகளை மீட்டல் முதலிய பணிகளில் ஈடுபட்டது. பிந்திய விமானங்கள் சிலவற்றில் றேடாரும் பொருத்தப்பட்டது. ஆயினும் வானம் பகைவர் வசமானபோது, வேகங் குன்றிய மிதவை விமானத்துக்கு அங்கே வாழ்வில்லாமற் போயிற்று. சிக்குமா 1944 ஒற்றோபரிலும், தோனே 1945 யூலையிலும் அழிந்தன. போரின்பின் இந்தோசீனாவிற் கைப்பற்றப்பட்ட சில விமானங்களைப் பிரான்சியர் சிறிது காலம் பயன்படுத்தினர். இன்று பலாவு தீவுகளின் தெளிந்த கடலடியில் ஒன்று கிடக்கின்றது; மூழ்கிப் பார்ப்போர் அதனைக் காண்கின்றனர். யப்பானின் ககோசிமாப் பகுதிக் கடலிலிருந்து 1992இல் எடுக்கப்பட்ட மற்றொன்றின் சிதைவு அங்கே நினைவுச்சாலை ஒன்றில் வைக்கப்பட்டுள்ளது.

முடிவுரை

இவ்வாய்வினால் நாம் பெறுவது யாது? கருவியின் சிறப்பு ஒன்றே வெற்றி தாராது. பூச்சிய வகை நீர்விமானம் தன் காலத்தின் சிறந்த வேவு விமானங்களுள் ஒன்று. ஏப்பிரிலில் நம் கடலில் வென்றதும் யூனில் மிட்வேயிற் போதாமற் போனதும் அதுவே. மாறியது விமானம் அன்று. பிழைபொறுக்காத பகைவன் எதிரே நின்றான் என்பதே மாற்றம்.

காண்டல், தெரிதல், உரைத்தல் என்னும் மூன்றும் அறிவின் படிகள். பத்துக் கப்பல்கள் என்றது காண்டல். அவற்றுள் விமானந்தாங்கி உண்டு என்றது தெரிதல். முன்னதற்கும் பின்னதற்கும் இடையே ஒரு கடற்படை தன் காலத்தை இழந்தது. ஆய்வுகூடத்திற் சோதனைக் குழாயை நோக்கும் மாணவனும், நோயாளியின் நாடியைப் பிடிக்கும் மருத்துவனும், பழைய ஏட்டின் எழுத்தைப் படிக்கும் புலவனும் இம்மூன்று படிகளையும் ஏறவேண்டியவர்களே. 'ஏதோ தெரிகின்றது' என்பதுடன் நின்றுவிடாது, யாது தெரிகின்றது எனத் துணிந்து, உரியவர்க்கு உரிய வேளையிற் சொல்லும் பழக்கத்தை இளமையிலேயே பயிலுதல் வேண்டும்.

தலைமை தாங்குவார்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நம் பழைய மாணவர் பலர் இன்று அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் மருத்துவமனைகளிலும் பொறுப்புடைய பதவிகளில் உள்ளனர். அவர்க்குச் செய்தி கொணர்வோர் பெரும்பாலும் தாழ்ந்த நிலையினர், புகழ் பெறாதவர். அத்தகையோரைச் சிலராக்கி, அவர் சொல்லை ஒப்புநோக்க வேறு வழியும் வையாது, பின்னர்த் தீங்கு விளைந்தபோது பழியை அவர்மேற் போடுதல் நெறியன்று. கண்களைப் பெருக்குவதும் அவற்றைப் பேணுவதும் தலைவன் கடன். அக்கடனை மறந்ததனால் ஒரு சமரில் மூவாயிரவர் கடலில் மாண்டனர் என்பதை நாம் மறவாதிருப்போமாக.